அமலைக்கு ஒரு வாளி

எங்கள் ஊரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கி எறிகிற அமலைச் செடியை, இந்த ஊர்க் கடையில் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். ஆகாயத்தாமரை என்று பத்திரிகைகளில் எழுதுவார்களே, அதுதான். ஏரல் பக்கம் நாங்கள் அமலை என்போம். முதல் தடவை அதைப் பார்த்தது ஒரு தோட்டக் கடையில். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் ஊதாப் பூவோடு இருந்த செடி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்கியவர் மாதிரி பணம் கட்டும் இடத்துக்கு நடந்து போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஊரில் லாரி லாரியாக அள்ளிக் கரையில் கொட்டி நாறிக் கிடக்கும் சனியனை இங்கே ஒருவர் மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார். யாராவது அவரை நிறுத்திச் சொல்ல வேண்டாமா? செண்பகம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நம்ம வேலையைப் பாருங்க, வந்த இடத்துல வம்பு வேண்டாம்" என்றாள்.

செண்பகம் என் மனைவி. அவளும் ஏரல்காரிதான். தாமிரபரணிக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. நாங்கள் கனடாவுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு சின்ன நகரம். சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்துக் கால்கரிக்குப் போன வருஷம், வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் வெட்ட வேண்டும் என்று செண்பகம் ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். கொசு வரும், ராக்கூன் வந்து மீனைத் தின்னும், பனிக்காலத்தில் உறைந்துபோகும், யார் பார்ப்பது என்று கேட்டேன். "காலை நனைக்கத் தண்ணி இல்லாத ஊர்ல எப்படிங்க இருக்கது?" என்றாள். இதே ஊரில் கடல் மாதிரி ஒரு ஏரி இருக்கிறதே என்றேன். "அது அவங்க தண்ணி" என்றாள். அதற்குமேல் என்ன பேச? மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் ஆற்றுப் பக்கத்து வண்டலை வெட்டிப் பழகிய கைக்கு இந்த ஊர்க் களிமண் அடங்கவில்லை. இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்ட அகலம், இடுப்பளவு ஆழம். கருப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு, கூழாங்கல்லைப் பரப்பி, ஆறு தங்கமீன் வாங்கி விட்டாள். இரை போட்டால் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும் பெரிய மீனுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தாள். நான் அதைக் குளம் என்று சொன்னதே இல்லை. குட்டை என்றுதான் சொல்வேன். அவளுக்குக் கோபம் வரும்.

போன ஜூன் மாதம் ஏரலில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து டவுனில், வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவைச் சிகிச்சை. செண்பகம் கிடைத்த விமானத்தில் கிளம்பினாள். விமான நிலையத்தில் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மீனைப் பாத்துக்கிடுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா பாத்துக்கிட்டாப் போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. அதுதான் வினையாகிப் போனது.

பாபநாசம் படித்துறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கரையில் பொரி வாங்கி ஒரு பிடி வீசினால் போதும், கெண்டையும் குறவையுமாக மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். தண்ணீர் கொதிப்பதுபோல இருக்கும். கல்யாணம் ஆன புதிதில் நானும் செண்பகமும் அங்கே போய், கொண்டுபோன காசுக்கெல்லாம் பொரி வாங்கிப் போட்டுவிட்டு, பசியோடு பஸ் ஏறியிருக்கிறோம். மீனுக்குப் பொரி போடுவது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைக்கு வந்துவிடும் பழக்கம். இங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்தும் கடையில் பொரி கிடைக்கும். ஒரு மூட்டையே வாங்கி வந்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு பிடி, சாயங்காலம் வந்ததும் ஒரு பிடி. வீட்டுக்காரி இல்லாத வீட்டில் இதுகளாவது வயிறு நிறைந்து கிடக்கட்டும் என்று நினைத்தேன். தாசில்தார் என் நிழலைக் கண்டாலே ஓடிவந்தான். மூன்று வாரம் நாங்கள் இரண்டு பேரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு தண்ணீர் பச்சையானது. முதலில் லேசாக, பிறகு கீரையைக் கடைந்து ஊற்றியது போல. கைவிட்டால் விரல் தெரியவில்லை. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் கெட்டால் ஒரே வைத்தியம்தான். பொங்கலுக்கு முன் சிமெண்டுத் தொட்டியை இறைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்போம். அதையே செய்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை. மீனையெல்லாம் வாளிக்கு மாற்றினேன். கடைசிச் சொட்டு வரை இறைத்தேன். ஒவ்வொரு கூழாங்கல்லாக எடுத்து, அதில் இருந்த வழுவழுப்புப் போகிற வரை தேய்த்தேன். குழாயைத் திறந்து நிரப்பினேன். குட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. படம் எடுத்துச் செண்பகத்துக்கு அனுப்பினேன். மீனையும் உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக இருந்த சின்ன மீன் ஒருக்களித்து மிதந்தது. மற்ற ஐந்தும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. போன் அடித்தது.

"என்ன செஞ்சிய?" என்றாள்.

"கழுவுனேன்."

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

"கல்லையுமா?"

"கல்லுலதானே அழுக்கு. கையை வச்சா வழுக்குது."

"அந்த வழுவழுப்புதாங்க அழுக்கைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுல உசிரு இருக்கு. ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?" மூச்சு வாங்கினாள். "குழாத் தண்ணியை அப்படியேவா விட்டிய? குளோரினு போகதுக்கு மருந்து இருக்குல்லா. காரேஜ் அலமாரியில, நீல மூடி. ஓடுங்க."

ஓடினேன். மருந்தை ஊற்றிவிட்டு வந்து போனை எடுத்தேன். வெள்ளை மீன் செத்துப்போச்சு என்று சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.  அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ ஏசிக்கொண்டிருந்தது கேட்டது.

"பொரியும் போட்டியளா?" என்று கேட்டாள்.

"போட்டேன்."

"எம்புட்டு?"

"காலையில ஒரு கை, சாயந்திரம் ஒரு கை."

"அது என்ன ஆறா, தின்னது போக மிச்சத்தை அடிச்சுக்கிட்டுப் போயி கடல்ல சேக்கிறதுக்கு? போட்டதெல்லாம் அங்கனயேல்லா அழுகும்? பச்சையாவாம என்ன செய்யும்?" "நான் எங்க அம்மாவைப் பாக்கதா, மீனைப் பாக்கதா, உங்களைப் பாக்கதா?"

வெள்ளை மீனைத் தக்காளிச் செடிக்கு அடியில் புதைத்தேன். பொரி மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டேன்.

அடுத்த வாரம் பேசும்போது செண்பகம் வேறொன்று சொன்னாள். மாமியாருக்கு நடை வர நாளாகுமாம். தம்பி முத்து வாழைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் அலைகிறானாம். "நான் இங்கனயே இருந்துரலாமான்னு தோணுதுங்க" என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "காலையில ஆத்துக்குப் போனா வழியில பத்துப் பேரு என்ன ஏதுன்னு கேக்காங்க. அங்கன என்னை யாரு கேக்கா?" என்றாள். நான் இருக்கிறேனே என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்கிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி மீனைப் பற்றித்தான். இந்த நாட்டில் அவள் விசாரிப்பதற்கு என்று மிச்சம் இருந்தது அந்த ஐந்து மீன்தான். அதுவும் செத்தால் அவள் எதை நினைத்துத் திரும்பி வருவாள்?

கழுவின குட்டை மறுபடியும் பச்சையானது, முன்னைவிட வேகமாக. விடியற்காலையில் ஐந்து மீனும் மேலே வந்து காற்றுக்குத் தவித்தன. நான் கரையில் உட்கார்ந்து அதுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டு டயான் வேலிக்கு மேலே பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், நல்ல மனுஷி. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன். உருண்டையாக ஊதிய தண்டு, பளபளக்கும் இலை. அமலை! தண்ணீரைச் சுத்தம் செய்யும், உன் மீனுக்காகக் கொண்டு வந்தேன் என்றாள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன். இது கெட்ட செடி. எங்கள் ஊரில் இது ஆற்றைக் கொன்றது. மை ரிவர், ஃபினிஷ்டு. டயான் நெஞ்சில் கையை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "ஐயாம் ஸோ ஸாரி" என்று சொல்லி, வாளியை வேலியோரம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வாசலில் வாழைப்பழ ரொட்டியும் ஒரு அட்டையும் இருந்தன. அட்டையில் வெள்ளைப் புறா. உங்கள் இழப்பில் பங்கு கொள்கிறேன் என்று அச்சடித்திருந்தது.

செண்பகத்திடம் சொன்னேன். ஊருக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. "ஆறு செத்துப்போச்சுன்னு சொன்னா, அவ துஷ்டி கேக்க வந்திருக்கா! நல்ல வேளை, மாலை கொண்டு வரல." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தேன். எங்கள் ஆறு சாகவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்ததே அதன் கரையில் நின்றுதான். ஆனாலும் அதை நாங்கள் படுத்திய பாட்டுக்கு யாரும் இப்படி ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து வருத்தம் தெரிவித்தது கிடையாது.

அமலையைப் பிடுங்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடுமுன் ஊரே இறங்கும். மூங்கில் கம்பு, வடக்கயிறு, அரிவாள். வெயிலில் அதன் வேர்ச்சேறு நாறும். உடம்பெல்லாம் அரிக்கும். நடுவில் பிடித்து இழுத்தால் கைக்கு வருவது இலை மட்டும்தான். ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வந்து, நாலு பேர் கயிற்றைப் போட்டுக் கரைக்கு இழுக்க வேண்டும். நானும் முத்துவும் எத்தனையோ வருஷம் அப்படி இழுத்திருக்கிறோம். அவனுக்கு அப்போதே பொறுமை கிடையாது. நடுவில்தான் கையை வைப்பான். நான் ஏசுவேன்.

"அந்த வாளியில இருக்கதை எடுத்து மீன் குளத்துல போடுங்க" என்றாள் செண்பகம் அடுத்த நாள்.

"அமலையையா? உன் தம்பி அங்க அதுகூட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான். நான் இங்க வளக்கணுமா?"

"ஆத்துல அது எங்கன கொழுத்து நிக்கிதுன்னு நீங்க பாத்ததில்லையா? சாக்கடை வந்து விழுகிற இடத்துலதானே? ஊரு கழிச்சு விட்டதையெல்லாம் தின்னுதான் அது அப்படி வளருது. நம்ம அழுக்கை நிறுத்தமாட்டோம், அதைத் தின்னுத செடியை ஏசுவோம்."

"தின்னுட்டு அழுகினா எல்லாத்தையும் திரும்பத் தண்ணியிலதானே கக்கும்?"

"அழுகுததுக்கு முன்ன பிடுங்கணும். அது உங்களுக்குத் தெரியாத வேலையா?"

இத்தனை வருஷம் நான் ஏசியது தப்பான ஆளை என்று வந்த கோபத்தை என்ன செய்வது? வாளியைத் தூக்கிப் போய்க் குட்டையில் கவிழ்த்தேன்.

செண்பகம் பாதியில் விட்டிருந்த வேலை ஒன்றும் காரேஜில் கிடந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு மூட்டை சரளைக்கல், ஒரு சின்ன பம்பு. தொட்டியில் கல்லை நிரப்பி அதில் செடியை நட்டு, பம்பு வைத்துக் குட்டைத் தண்ணீரை அதன் வழியாக விட்டுத் திரும்பக் குட்டைக்கே வழியவிட வேண்டும். என்ன செடி என்று கேட்டேன். கல்வாழை என்றாள். எங்கள் ஊர் வீடுகளில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்துத் தண்ணீர் வெளியே ஓடி விழும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் நிற்கும். அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். அந்தப் பூவை யாரும் பறிக்க மாட்டோம், சாமிக்கும் வைக்க மாட்டோம். டயான் அதே கல்வாழையை வீட்டு முன்வாசலில், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி வளர்க்கிறாள். ஒரு கிழங்கு கேட்டேன். அதைப் பற்றிப் பெருமையாக என்னவெல்லாமோ சொன்னாள். எங்கள் ஊரில் இது சாக்கடையோரச் செடி என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்னொரு ரொட்டி வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம். ஆனால் அமலையின் வேர் தண்ணீருக்குள் கருப்பு முடி மாதிரி தொங்க ஆரம்பித்தது. அதில் அழுக்கு ஒட்டியது. தேய்த்த கல்லிலெல்லாம் வழுவழுப்பு திரும்பி வந்தது. இந்த முறை விரலால்கூடத் தொடவில்லை. கல்வாழை புதுக் குருத்து விட்டது. பொரி கிடையாது. கடையில் விற்கிற இரையைச் செண்பகம் சொன்ன அளவுக்கு மட்டும் போட்டேன். தாசில்தார் என்னை முறைத்துப் பார்த்தான். பச்சை பையப் பைய இறங்கியது. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், குட்டையின் அடி தெரிந்தது. கூழாங்கல்லுக்கு மேலே ஐந்து மீனும் ஒரு அவசரமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. எதுவும் வாயைப் பிளக்கவில்லை. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அமலை பரவியது. பாதிக் குட்டையை மூடியதும் குனிந்து ஓரத்திலிருந்து சுருட்டினேன். பாதியைத் தக்காளிக்கு உரமாகப் போட்டேன். பிறகு சனிக்கிழமைதோறும் அதே வேலை. நன்றாக இருக்கிற செடியை ஏன் எறிகிறாய் என்று டயான் பதறினாள். "ஈட், தென் அவுட்" என்று விளக்கினேன். உங்கள் நாட்டில் இதைச் சாப்பிடுவீர்களா என்று ஆச்சரியமாகக் கேட்டாள். அதற்குமேல் விளக்க என்னால் முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடி தெரிகிற குளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். குளம் என்றுதான் எழுதினேன். பிறகு செண்பகம் போன் செய்தாள். மாமியார் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பாதி தூரம் நடந்துவிட்டாராம். "குளிர்ல தாசில்தாரு எங்கன இருப்பான்?" என்று கேட்டாள். அடியில் போய்ப் படுத்துக்கொள்வான் என்றேன். "அப்ப அவன் படுக்கதுக்குள்ள வந்துருதேன். முத்துகிட்ட டிக்கெட்டுப் பாக்கச் சொல்லியாச்சு" என்றாள். நான் சரி என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன்.

அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் முதல் உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் அமலை முழுவதும் கருத்து, குழைந்து கிடந்தது. ஊரில் கயிறு போட்டு இழுத்தும் அடுத்த வருஷம் திரும்பி வருகிற செடி, இங்கே யாரும் கை வைக்காமலே ஒரே இரவில் செத்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விரல் விறைக்க விறைக்க எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். துஷ்டி வீட்டில் வேலை செய்வது போல இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. குளிர் வரும் என்று ரேடியோவில் சொன்ன அன்றே ஒரு செடியை வாளியில் எடுத்துப் போய் வீட்டின் நிலவறையில், சூடு தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு குழல்விளக்குக்குக் கீழே வைத்திருந்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பனிக்காலத்தில் மீனுக்கு அது தேவையில்லை.

விமான நிலையத்தில் செண்பகம் கேட்ட முதல் கேள்வி, "அஞ்சும் இருக்கா?" வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்குப் போய்க் கரையில் குந்தி, விரலை விட்டு எண்ணினாள். தாசில்தார் ஏற்கனவே பாதி தூக்கத்தில் இருந்தான். ஒருமுறை மேலே வந்து, அவள் விரலை முட்டிவிட்டுக் கீழே போனான். "மெலிஞ்சிட்டான்" என்றாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்களும்தான்" என்றாள்.

மறுநாள் காலை ஊறுகாய்ப் பாட்டிலை வைக்க நிலவறைக்குப் போனவள் அங்கிருந்து சத்தமாகச் சிரித்தாள். நான் இறங்கிப் போவதற்குள் முத்துவை வீடியோவில் அழைத்துவிட்டாள். அங்கே சாயங்காலம். பிசானத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. முத்து கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். செண்பகம் போனை வாளிக்கு மேலே பிடித்து, "பாருலே உங்க அத்தான் பண்ணியிருக்கதை" என்றாள்.

முத்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ஏ அத்தான், கிறுக்குப் பிடிச்சிட்டா? இங்க நாங்க இதைக் கொல்லமாட்டாம சாவுதோம். நீங்க அங்க விளக்குப் போட்டு வளக்கிய!" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு கொத்தை அள்ளி எனக்குக் காட்டுவதற்காக இழுத்தான். கைக்கு வெறும் இலைதான் வந்தது.

"ஏலே, நடுவுல பிடிக்காதலே! எத்தனை வருஷமாச் சொல்லுதேன், ஓரத்துல இருந்து சுருட்டுலே! வேரோட வரணும், ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது!" என்று போனுக்குள் கத்தினேன். கத்திக்கொண்டே, வாளியில் தண்ணீர் குறைந்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து ஊற்றினேன். குழாய்த் தண்ணீர். குளோரின் மருந்தின் நீல மூடியைத் திறந்து, இரண்டு சொட்டு விட்டேன்.